கை தட்டினால் வரும் படகு

மேசையை விட்டு எழும்போது மைத்தே ஒருமுறை கை தட்டுவாள். இரண்டு உள்ளங்கைகளையும் மேலே விரித்து, புறங்கையையும் திருப்பிக் காட்டிவிட்டு, அதன் பிறகுதான் நகர்வாள். சூதாட்ட விடுதிகளில் சீட்டுப் போடும் வேலையில் இருக்கிற எல்லோருக்கும் உள்ள வழக்கம் அது. மேசையிலிருந்து, பணத்துக்குப் பதிலாக வைத்தாடும் ஒரு சில்லுகூட என் கையோடு வரவில்லை என்று கூரையில் இருக்கும் கேமராவுக்குச் சொல்லிவிட்டுப் போவது. ரீனோவில் அந்த வேலை பார்க்கிறவர்கள் சிலர் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலிருந்து எழும்போதும் கை தட்டிவிட்டு அசடு வழிவார்கள். மைத்தே அசடு வழிந்ததில்லை. தான் அப்படிச் செய்வதே அவளுக்குத் தெரியாது.

அந்தப் பழக்கத்தால் அவள் ஆற்றில் பட்ட பாடு கொஞ்சமல்ல. கடைசியில் அவளை ஆற்றிலேயே இருக்கவைத்ததும் அதே பழக்கம்தான்.

அவளுடைய அப்பா பாஸ்க் நாட்டிலிருந்து கடல் தாண்டி, ஆடு மேய்க்க நெவாடாவுக்கு வந்தவர். தண்ணீர் என்பது அவரைப் பொறுத்தவரை ஆடு குடிப்பதற்கு. மனிதனுக்கு அதில் இறங்கி என்ன வேலை என்பார். மைத்தேயும் பேருக்குத்தான் நீச்சல் கற்றாள். படித்தாள், கல்யாணம் செய்துகொண்டாள், அது முறிந்தது. மகள் அமாயாவோடு தனியாக நின்றபோது சீட்டுப் போடக் கற்றுக்கொண்டு இரவு வேலையில் சேர்ந்தாள். விடிந்து வெளியே வரும்போது தலைமுடியெல்லாம் அடுத்தவர்கள் புகைத்த சிகரெட்டின் நெடி. அந்த நெடியோடு வீட்டுக்குப் போய்ப் படுக்க மனம் வராது. ட்ரக்கி ஆற்றங்கரையில் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்து கொஞ்ச நேரம் காற்று வாங்கிவிட்டு பஸ் ஏறுவாள்.

அந்த வருஷம்தான் ஊர் நடுவே ஆற்றைத் திருத்தியிருந்தார்கள். பெரிய பாறைகளைக் கொண்டுவந்து படிபடியாகப் போட்டு, ஒவ்வொரு படிக்கும் கீழே ஓர் அலையும், அலைக்குக் கீழே அமைதியான ஒரு தேக்கமும் வரும்படி செய்திருந்தார்கள். விடுதிகளின் கண்ணாடிச் சன்னல்களுக்குக் கீழே, அலுவலகம் போகிறவர்கள் காப்பிக் குவளையோடு கடக்கும் பாலத்துக்கு அடியிலே, ஒற்றை ஆள் உட்காரும் வண்ண வண்ணக் கயாக் படகுகள் அந்த அலைகளில் ஏறிக் குதித்துக் கவிழ்ந்து நிமிர்ந்துகொண்டிருந்தன. மைத்தே வேடிக்கை பார்ப்பாள். அவ்வளவுதான்.

ஒரு காலையில் கரையோரம் நின்ற காரின் கதவிடுக்கில் ஒருவன் கம்பியை நுழைத்துக்கொண்டிருந்தான். சட்டையில் பூட்டுக் கடையின் பெயர் தைத்திருந்தது. பக்கத்தில் சொட்டச் சொட்ட நனைந்தபடி நின்ற பருத்த மனிதனை மைத்தேவுக்குத் தெரியும். அவளுடைய விடுதியில் மது ஊற்றிக் கொடுக்கிற ஆகி.

"சாவிய எங்க வச்சிருந்த?" என்று கேட்டான் பூட்டுக்காரன்.

"பையில."

"பை எங்க?"

"ஆத்தோட பிரமிட் ஏரிக்குப் போயிட்டிருக்கு. இந்நேரம் ஸ்பார்க்ஸ் ஊரத் தாண்டியிருக்கும்."

மைத்தே சிரித்துவிட்டாள். பூட்டுக்காரன் திரும்பிப் பார்த்தான். "நீங்களும் சாவிய விட்டவங்களா?"

"நான் பஸ்ஸுல போறவ. என் சாவி டிரைவர்கிட்ட இருக்கு."

"இந்தப் பாறையப் போட்டாலும் போட்டாங்க, எனக்கு இதே பொழப்பாப் போச்சு. அப்படி என்னதான் இருக்கு அந்தத் தண்ணியில? ஆளாளுக்குச் சாவிய வீசிட்டு வந்து நிக்கிறாங்க."

"இறங்கிப் பாரு, தெரியும்," என்றான் ஆகி. "சாவி தன்னாலயே போயிரும்."

பூட்டுக்காரன் பெயர் ஹார்லன். அந்தக் கோடையிலேயே இறங்கிப் பார்த்தான். அவளையும் இறக்கிவிட்டான். சில கோடைகள் கழித்து, ஆற்றுக்கு நடுவே உள்ள தீவுப் பூங்காவில், இருவரும் கல்யாணம் செய்துகொண்டார்கள். அமாயாதான் மோதிரத்தை எடுத்துக் கொடுத்தாள்.

ஹார்லனுக்கு ஆறு சீக்கிரம் படிந்துவிட்டது. மைத்தேவுக்குப் படியவில்லை.

கயாக் கவிழ்ந்தால் ஆள் வெளியே விழுவதில்லை. இடுப்பில் மாட்டிய ரப்பர் பாவாடை படகின் வாயை இறுக மூடியிருக்கும். தலை கீழாகப் படகோடு சேர்ந்து தொங்க வேண்டியதுதான். அந்த நிலையில் துடுப்பை நீர்மட்டத்தில் வீசி, இடுப்பை ஒரு வெட்டு வெட்டினால் படகு நிமிர்ந்துவிடும். முடியாதவர்கள் பாவாடையின் முன்னால் உள்ள வளையத்தை இழுத்து வெளியே வந்து, நீந்திக் கரையேறுவார்கள். நீந்தியவர் தன் காலில் இருக்கும் ஈர ரப்பர் காலணியைக் கழற்றி, அதில் பீரை ஊற்றி, எல்லோர் முன்னாலும் குடித்து முடிக்க வேண்டும். ஆற்றுக்காரர்களின் சட்டம் அது. எழுதிவைத்த இடம் கிடையாது, மீறியவரும் கிடையாது.

மைத்தே காலணியில் குடித்த பீருக்கு அளவில்லை. குளிர்காலத்தில் நீச்சல் குளத்தில் பழகும்போது அழகாக நிமிர்வாள். ஆற்றில் கவிழ்ந்தால் மட்டும் துடுப்பு ஒரு பக்கம் மிதந்து போகும், படகு இன்னொரு பக்கம் போகும், அவள் நடுவில் இருமிக்கொண்டே நீந்துவாள். ஆகி துடுப்பைத் துரத்திக்கொண்டு போவான். திரும்பி வந்து, தண்ணீருக்கு அடியிலிருந்து வருகிற எல்லோரிடமும் அந்த ஊரில் கேட்கிற கேள்வியைக் கேட்பான்.

"கீழ மோதிரம் ஏதாவது கிடைச்சுதா, மகராசி?"

விவாகரத்து வாங்க நாலா திசையிலிருந்தும் ரீனோவுக்கு ஜனங்கள் வந்த காலத்தில், தீர்ப்புக் கிடைத்ததும் பாலத்திலிருந்து கல்யாண மோதிரத்தை ஆற்றில் எறிந்துவிட்டுப் போவார்களாம். நிஜமோ பொய்யோ, கவிழ்ந்து எழுந்தவர்களைச் சீண்ட அது போதும்.

"என்னோட பழைய மோதிரத்தத் தேடுறியா?" என்பாள் மைத்தே. "அது ஆத்துக்குப் போகல. அமாயாவோட பல்லுக்குக் கம்பி கட்டினதுல போச்சு."

வேகமான தண்ணீர் துடுப்பைப் பிடுங்கிவிடுகிறது என்றுதான் அவள் நினைத்திருந்தாள். ஹார்லனும் அப்படித்தான் நினைத்திருந்தான், ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரை.

பாஸ்க் சாப்பாட்டு விடுதியில் நீள மேசை. தெரிந்தவர் தெரியாதவர் எல்லோரும் ஒரே வரிசையில் உட்கார்ந்து, சூப்புச் சட்டியையும் பீன்ஸ் கிண்ணத்தையும் கைமாற்றிச் சாப்பிட வேண்டும். ஆட்டுக்கறி வந்து போனது. மைத்தே எழுந்தாள். ஹார்லன் முள்கரண்டியைப் பாதியில் நிறுத்தினான்.

"இப்ப என்ன பண்ணே?"

"என்ன பண்ணேன்? கை கழுவப் போறேன்."

"போறதுக்கு முன்னாடி."

"எந்திரிச்சேன்."

"அதுக்கும் முன்னாடி, மைத்தே."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த யாரோ ஒரு பெரியவர் ரொட்டியைச் சாற்றில் தோய்த்தபடி சொன்னார்: "கை தட்டி விரிச்சுக் காட்டுச்சு. சீட்டுப் போடுற பொண்ணு போல."

ஹார்லன் கரண்டியைக் கீழே வைத்தான். "ஆறு உன் துடுப்பைப் புடுங்கல. நீயேதான் குடுத்துட்டு வர. தலைகீழாத் தொங்கினதும் வேலை முடிஞ்சுதுன்னு உன் கை நெனச்சுக்குது. படகைத் தட்டிட்டு, ரெண்டு கையையும் விரிச்சுக் காட்டிட்டுக் கிளம்பிடறே."

மறுநாள் எல்லோரும் கரையில் நின்று பார்த்தார்கள். மைத்தே கவிழ்ந்தாள். படகின் வயிற்றில் படீரென்று ஒரு தட்டு. பிறகு படகின் இரு பக்கமும் நீருக்கு மேலே இரண்டு கைகள் எழுந்து, விரல்கள் விரிந்து, வெறுமையாக நின்றன. துடுப்பு ஆடி அசைந்து ஸ்பார்க்ஸ் பக்கமாகப் புறப்பட்டது. கரையில் நின்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். கையைத் துடுப்போடு பசை போட்டு ஒட்டிவிடலாம் என்றான் ஆகி. அந்தக் கோடை முழுக்கப் பழக்கத்தை மாற்றப் பார்த்தார்கள். பயந்த கை தனக்குப் பழகியதைத்தான் செய்யும். மாறவில்லை.

சிரிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தவள் ரோண்டா ஒருத்திதான். அவசர சிகிச்சைப் பிரிவில் செவிலி. யார் எதைச் செய்தாலும் அது எதற்கான அறிகுறி என்று பார்க்கிறவள்.

"இவ பண்றதுல தப்பே இல்லையே," என்றாள். "கவிழ்ந்தவங்க படகைத் தட்டிக் கைய விரிச்சா, பக்கத்துல இருக்கறவங்க தங்களோட படகு மூக்கை அந்தக் கையில கொண்டுபோய்க் குடுக்கணும். அதைப் பிடிச்சுக்கிட்டே எந்திரிச்சிரலாம். பழைய முறை, இப்ப யாரும் பண்றதில்ல. அவ ஒழுங்காத்தான் கூப்பிடுறா. போக ஆள்தான் இல்ல."

ஹார்லன் எழுந்து போய்த் தன் படகைத் தண்ணீரில் இறக்கினான்.

முதல் தடவை அவன் வந்த வேகத்தில் படகு மூக்கு அவளுடைய ஆள்காட்டி விரலை நசுக்கிவிட்டது. அவள் எழுந்துவிட்டாள், ஆற்றில் முதன்முறையாக நீந்தாமல் எழுந்துவிட்டாள். ஆனால் விரல் வீங்கிச் சில நாள் சீட்டுப் போட முடியவில்லை. அவள் பிழைப்பே அந்த விரல்களில் இருந்தது. ஹார்லன் கடைக்குப் போய் ஒரு டென்னிஸ் பந்தை வாயளவு வெட்டி, படகின் மூக்கில் செருகி, மேலே நாடா சுற்றிக் கொண்டுவந்தான். பச்சைப் படகு, மஞ்சள் மூக்கு.

"ஆஸ்பத்திரியில தாத்தாங்க பிடிச்சு நடக்குற சட்டத்தோட காலுக்குத்தான் இப்படி மாட்டுவாங்க," என்றான் ஆகி. "தாத்தா ஆறு தாண்டப் போறாரு, வழி விடுங்கப்பா."

"சிரி. உன் சாவி தொலைஞ்சா இனி பைசா அதிகம்," என்றான் ஹார்லன்.

அதற்குப் பிறகு மைத்தே பயமில்லாமல் கவிழ்ந்தாள். தலைகீழாக, காது முழுக்க இரைச்சலோடு, பனி உருகிய தண்ணீர் நெற்றியைத் துளைக்க, படகைத் தட்டிக் கையை விரித்துக் காத்திருப்பாள். அந்தக் கணம் நீளமானது. பிறகு உள்ளங்கையில் அந்தப் பந்தின் சொரசொரப்பு வந்து முட்டும். பிடித்துக்கொண்டு இடுப்பை வெட்டி எழுந்தால் எதிரே ஹார்லனின் முகம், எரிச்சலோடு.

"ஒரு நாளாவது என்ன நிம்மதியா ஒரு அலை ஆட விடுறியா?"

"உன்ன யாரு வரச் சொன்னா?"

"நீதான். கதவைத் தட்டுற மாதிரித் தட்டினியே."

ஆற்றில் துடுப்பால் எழ அவள் கற்றுக்கொள்ளவே இல்லை. தேவைப்படவில்லை. வருஷங்கள் போயின. அமாயா எல்கோ என்ற ஊரில் வேலை தேடிக்கொண்டு, அங்கேயே குடும்பமும் அமைத்துக்கொண்டாள். மைத்தேயின் முடி நரைத்தது. அவள் எந்தப் படியில் இறங்கினாலும் அதற்குக் கீழே உள்ள தேக்கத்தில் மஞ்சள் மூக்கு ஒன்று மேல்நோக்கித் திரும்பிக் காத்திருந்தது.

போன அக்டோபரில் ஹார்லன் கடையில் ஒரு சாவி வெட்டிக்கொண்டிருந்தபோது அவன் இதயம் நின்றுவிட்டது. சாவி பாதி வெட்டியபடி இயந்திரத்தின் பிடியிலேயே இருந்தது. யாருடைய வீட்டுச் சாவி என்று தெரியவில்லை. கேட்டும் யாரும் வரவில்லை.

அடக்கத்தின்போது மைத்தே அழவில்லை. ஒரு பிடி மண்ணைப் போட்டாள். மெல்ல ஒருமுறை கை தட்டினாள். இரண்டு உள்ளங்கைகளையும் வானத்துக்கு விரித்து, திருப்பி, புறங்கையையும் காட்டிவிட்டு நகர்ந்தாள். பின்வரிசையில் நின்ற, அவளோடு விடுதியில் சீட்டுப் போடும் பெண்கள் அதைப் பார்த்ததும்தான் வாய்விட்டு அழுதார்கள். அவர்கள் ஏன் அழுகிறார்கள் என்று அவளுக்கு விளங்கவில்லை. தான் செய்தது அவளுக்குத் தெரியாது. ரோண்டா பிறகு காரில் சொன்னாள்.

குளிர்காலம் வந்தது. வேலை முடிந்ததும் நேரே வீட்டுக்குப் போனாள். ரோண்டாவின் தொலைபேசி அழைப்புகளை எடுக்கவில்லை. ஆகி விடுதியில் அவளுடைய அலமாரிக் கதவில் தன் மனைவி செய்த ஆட்டுக்கறிக் குழம்பை டப்பாவில் தொங்கவிட்டுப் போவான். சாப்பிட்டுக் கழுவி, டப்பாவை அவன் கண்ணில் படாமல் அங்கேயே தொங்கவிடுவாள். கோபம் எதுவும் இல்லை. அவர்களைப் பார்த்தால் அவர்களுக்குப் பக்கத்தில் யார் இல்லை என்பது தெரியும், அதுதான்.

மே மாதத்தில் அமாயா பேசினாள். "ரெண்டு படகையும் நான் எடுத்துட்டுப் போறேன்மா. கராஜைத் திறக்கும்போதெல்லாம் நீ அதையே பாத்துட்டு நிக்கிறேன்னு பக்கத்து வீட்டம்மா சொல்றாங்க. சனிக்கிழமை டிரக்கோட வரேன். நீ இனிமே அந்தத் தண்ணியில தனியா இறங்கப் போறதில்லதானே?"

"வா," என்றாள் மைத்தே.

மகள் சொன்னதில் பிழை இல்லை. அறுபதைத் தாண்டியவள், ஆற்றில் நிமிரத் தெரியாதவள், ஒவ்வொரு முறையும் பனித் தண்ணீரில் நீந்திக் கரையேற முடியுமா? ஆனாலும் ஒரு வார்த்தை கேட்காமல் கொடுத்துவிட மனம் வரவில்லை. யாரிடம் கேட்பது? ஆற்றிடம்தான். ஒரே ஒரு முறை இறங்குவது. நீந்தாமல் கீழே போய்ச் சேர்ந்தால் படகுகள் கராஜிலேயே இருக்கட்டும். நீந்தினால் எல்கோவுக்குப் போகட்டும். பதில் என்னவென்று அவளுக்குத் தெரியும். அவள் கவிழாமல் அந்தப் படிகளைக் கடந்த நாள் அபூர்வம். இருந்தாலும் வியாழன் சாயங்காலம் தன் சிவப்புப் படகைக் காரின் தலையில் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனாள். மற்றவர்கள் ஆற்றுக்கு வருவது சனி ஞாயிறுகளில். வெள்ளிக் காலையில் யாரும் இருக்க மாட்டார்கள்.

விடிந்து சூரியன் விடுதிச் சன்னல்களில் பட்டுத் திரும்பிக்கொண்டிருந்தபோது கரையில் படகை இறக்கினாள். பனி உருகி ஆறு நிறைந்து ஓடியது. புத்தம்புது ஆரஞ்சுப் படகோடு ஒரு இளைஞன் மட்டும் நின்றிருந்தான். சாக்ரமென்டோவிலிருந்து வருகிறானாம்.

"தண்ணி எப்படி மேடம்?"

"குளிரும்," என்றாள். அதற்கு மேல் பேச அவளிடம் எதுவும் இல்லை.

முதல் படியைக் கடந்தாள். இரண்டாவதில் தடுமாறி, துடுப்பை ஊன்றிச் சமாளித்தாள். ஒருவேளை, என்று நினைத்தாள். பாலத்துக்கு மேலே உள்ள பெரிய அலையில் படகு ஒரு கணம் பக்கவாட்டில் திரும்பியது. அவ்வளவுதான். வானம் போனது, பச்சை இருட்டு வந்தது.

அலை அவளைத் தேக்கத்துக்குள் தள்ளிவிட்டதை உணர்ந்தாள். வளையத்தை இழு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கை கேட்கவில்லை. துடுப்பை விட்டது. படகின் வயிற்றில் படீரென்று தட்டியது. இரண்டு கைகளும் மேலே போய் விரிந்து நின்றன. யாரும் வரமாட்டார்கள் என்று தலைக்குத் தெரியும். கைகளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. அவை பாட்டுக்குக் காத்துக்கொண்டிருந்தன. மைத்தேயும், வேறு வழியில்லாமல், அவற்றோடு காத்திருந்தாள்.

முதலில் வலது கட்டைவிரலில் ஏதோ கடினமாக இடித்தது. உயிர் போகிற வலி. அடுத்த கணம் இடது உள்ளங்கையில் சொரசொரவென்று ஒன்று வந்து முட்டியது. அவளுக்கு ஒரே ஒரு பெயர்தான் தோன்றியது. அதை இறுகப் பற்றுவதற்குள் வலது கையிலும் சொரசொரவென்று இன்னொன்று. ஹார்லனுக்கு ஒரு படகுதானே? இரண்டையும் பிடித்து இடுப்பை வெட்டினாள்.

வெளிச்சம். இருமல். மூக்கு வழியாகத் தண்ணீர். கண்ணைத் திறந்தபோது தொட்டியில் முண்டுகிற ஆட்டுக்குட்டிகள் மாதிரி மூன்று படகுகள் அவளைச் சுற்றி மூக்கை நுழைத்துக்கொண்டு நின்றன. ஆரஞ்சுப் படகு. நீலப் படகில் ரோண்டா. கறுப்புப் படகில் பிதுங்கிக்கொண்டு ஆகி. நீல மூக்கிலும் கறுப்பு மூக்கிலும் ஆளுக்கொரு டென்னிஸ் பந்து.

"மூச்சு விடு," என்றாள் ரோண்டா. "பேசாத. மொதல்ல மூச்சு."

"கீழ மோதிரம் ஏதாவது கிடைச்சுதா, மகராசி?" என்றான் ஆகி.

மைத்தே பந்துகளையே பார்த்தாள். "இது எப்பத்துலேர்ந்து?"

ஆகி பாலத்தில் போகிறவர்களை வேடிக்கை பார்க்க ஆரம்பித்தான். ரோண்டாதான் சொன்னாள். "அடக்கம் முடிஞ்ச மறுநாள் மாட்டினோம். நீ எப்ப வருவேன்னு தெரியாதில்ல. குளிர்காலம் பூரா படகு பந்தோடயேதான் கிடந்துது. என் நாய் சும்மா விடல. ரெண்டு பந்து மாத்திட்டேன்."

"நான் இன்னிக்கு வருவேன்னு யார் சொன்னா?"

"படகைத் தலையில கட்டிக்கிட்டு ராத்திரி பூரா விடுதியில காரை நிறுத்தி வச்சா, வண்டி பாத்துக்கறவன் கண்ணு என்ன பொட்டையா?" என்றான் ஆகி. "நடுராத்திரி எங்கிட்ட வந்து சொன்னான். நான் இவளுக்குப் போன் பண்ணேன். பாலத்துத் தூணுக்குப் பின்னாடி ஒளிஞ்சு நின்னோம். என் உடம்பை ஒளிக்கறது லேசுன்னு நெனக்கிறியா?"

ஆரஞ்சுப் படகுக்காரன் வெளிறிப்போயிருந்தான். "மன்னிச்சிருங்க மேடம். உங்க விரல்ல இடிச்சுட்டேன். தட்டுற சத்தம் கேட்டுது. தட்டினா போகணும்னு எங்க ஊர்ல சொல்லிக்குடுத்திருக்காங்க."

"சரியாத்தான் சொல்லிக்குடுத்திருக்காங்க, கண்ணு," என்றாள் மைத்தே.

கரையேறி வெயிலில் உட்கார்ந்தார்கள். யாரோ ஒரு துண்டை அவள் தோளில் போர்த்தினார்கள். உடம்பு நடுங்கியது. தன் வேண்டுதலை அப்போதுதான் அவர்களிடம் சொன்னாள். "நீந்தினா படகைக் குடுத்துடறதுன்னு வச்சிருந்தேன். நாளைக்கு அமாயா வரா."

"நீதான் நீந்தலையே," என்றாள் ரோண்டா.

"நானா எந்திரிக்கலையே."

"ஹார்லன் இருந்தப்ப மட்டும் நீயாவா எந்திரிச்சே?"

ஆகி குளிர்ப்பெட்டியைத் திறந்து ஒரு பீரை எடுத்தான். அவளுடைய ஈரக் காலணியை ஒருமுறை ஏக்கமாகப் பார்த்தான்.

"சட்டம்னா சட்டம். நீந்தாதவங்களுக்குக் காலணியில கிடையாது," என்று ஒரு காகிதக் குவளையில் ஊற்றி நீட்டினான். "மரியாதையாக் குடி. பழக்கமில்லாம புரை ஏறப் போகுது."

வாங்கக் கையை நீட்டியபோதுதான் பார்த்தாள். கட்டைவிரல் நீலமாக வீங்கியிருந்தது. உள்ளங்கை இரண்டிலும் பந்திலிருந்து உரிந்த மஞ்சள் துகள் ஈரத்தோடு ஒட்டியிருந்தது. கல்லறையில் வானத்துக்கு விரித்துக் காட்டிய கைகள் இவைதான். எதையும் எடுத்துக்கொண்டு போகவில்லை என்று அன்று சொன்ன கைகள். என்ன பொய். கேமரா மட்டும் சரியாகப் பார்த்திருந்தால் அன்றைக்கே பிடித்திருக்கும். அந்த மேசையிலிருந்து அவள் அள்ளிக்கொண்டு வந்தது இரண்டு கையில் அடங்குவதா? பூட்டுக்காரன் ஒருவனை, சிரிப்பை, இத்தனை கோடைகளை, அவனை அடக்கம் செய்த மறுநாளே பந்து வெட்டி மாட்டி வைத்த இந்த இரண்டு பேரை. யாருக்கு நன்றி சொல்வது என்று தெரியாமல் குவளையிலிருந்த பீரை ஒரே மூச்சில் குடித்தாள். புரை ஏறியது.

"சொன்னேன்ல," என்றான் ஆகி.

வீட்டுக்குப் போகும் வழியில், காரின் தலையில் படகு சொட்டிக்கொண்டிருக்க, எல்கோவுக்குப் பேசினாள்.

"நாளைக்கு டிரக் வேண்டாம், அமாயா. சும்மா கார்ல வா. வரும்போது டென்னிஸ் பந்து ஒரு டப்பா வாங்கிட்டு வா."

"நாய் வாங்கியிருக்கியாம்மா?"

"இல்ல. சாக்ரமென்டோலேர்ந்து ஒரு பையன் வரான். அடுத்த வாரமும் வருவானாம். அவன் படகுக்கு மூக்கு இல்ல."